டெர்மினல் திண்ணை: கெர்னல கட்டிட்டா போதுமா, ஏறணும்ல!

போன மாசம் நம்ம லினக்ஸ் கெர்னல (ஹார்டுவேர ஓட்டற உள் மூளை அது) நாமளே கம்பைல் பண்ணி, உபுண்டு, டெபியன்ல ஏத்தற டெப் பேக்கேஜா ஆக்கறது எப்படின்னு எழுதினேன்ல, அதுல நான் பண்ண தப்பு என்னன்னா, "அப்புறம் டிபிகேஜி மைனஸ் ஐ போட்டு ஏத்திக்கோங்க"ன்னு கடைசில ஒரே வரில முடிச்சதுதான் (டிபிகேஜிங்கறது பேக்கேஜ மெஷின்ல ஏத்தற கமாண்ட்). அந்த ஒரு வரிக்கு வந்த லெட்டரும் வாட்ஸ்அப்பும் தாங்கல, காலைல நாஸ்தா துன்ற நேரத்துல கூட எவனாவது எரர் ஃபோட்டோ அனுப்புறான். அதனால இந்த மாசம் முழுக்க இன்ஸ்டால் பேஜார் மட்டும்தான். கமாண்ட எல்லாம் வாயால சொல்ற மாதிரியே எழுதறேன், மைனஸ்னா மைனஸ் குறி, ஸ்லாஷ்னா ஸ்லாஷ், டெர்மினல்ல நீங்க இங்கிலீஷ்ல அடிச்சுக்கோங்க.

கேள்வி (கொருக்குப்பேட்டை வாசகர்): அண்ணே, 6.12 கெர்னல ராத்திரி முழுக்க ஓட விட்டு கம்பைல் பண்ணேன், ஒரு எரர் வரல. இன்ஸ்டால் பண்ணா மட்டும் "போஸ்ட் இன்ஸ்டலேஷன் ஸ்கிரிப்ட் சப்ப்ராசஸ் ரிட்டர்ன்ட் எரர் எக்ஸிட் ஸ்டேட்டஸ் 1"னு நிக்குது. பேரு பின்னாடி ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு மாத்தி மாத்தி மூணு தடவ மறுபடி கட்டிட்டேன். அம்மா கரண்ட் பில்ல காட்டி திட்றாங்க. உபுண்டு போடும்போது டிஸ்க் என்கிரிப்ஷன்ல டிக் போட்டேன், அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா?

பதில்: தம்பி, மொதல்ல கம்பைல் பண்றத நிறுத்து, அம்மா சொல்றதுதான் கரெக்ட். உன் பேக்கேஜ்ல கோளாறு இல்ல. பெரம்பூர்ல ஏறி சென்ட்ரல் போற ட்ரெய்ன் பேசின் பிரிட்ஜ்ல அரை மணி நேரம் நின்னா இன்ஜின் ரிப்பேர்னா நெனப்போம், முன்னாடி பிளாட்ஃபார்ம் காலி இல்லன்னு இந்த ஏரியால பொறந்த கொழந்தைக்கு கூட தெரியும். உன் கேஸும் அதேதான்.

டிபிகேஜி என்ன பண்ணுதுன்னா, மொதல்ல கெர்னல் ஃபைல ஸ்லாஷ் பூட்லயும் மாட்யூல (டிரைவர் மாதிரி தனியா சேக்கற துண்டு) எல்லாம் ஸ்லாஷ் லிப் ஸ்லாஷ் மாட்யூல்ஸ்லயும் கொண்டு போய் வெக்கும், அது வரைக்கும் சண்டை இல்ல, அதுக்கப்புறம் ஸ்லாஷ் இடிசி ஸ்லாஷ் கெர்னல் ஸ்லாஷ் போஸ்ட்இன்ஸ்ட் டாட் டி ஃபோல்டர்ல இருக்கற ஸ்கிரிப்ட எல்லாம் பேரு வரிசைல ஒவ்வொண்ணா ஓட்டும். டிகேஎம்எஸ் (வெளி டிரைவர ஒவ்வொரு கெர்னலுக்கும் மறுபடி கட்டற டூல்) இருந்தா அது வரும், அப்புறம் இனிட்ராம்எஃப்எஸ் (பூட் ஆக ஆரம்பத்துல வேண்டிய டிரைவர அடைச்ச ஃபைல்), கடைசில இசட்இசட்னு ஆரம்பிக்கற பேர்ல க்ரப் (மெஷின் ஆன் ஆனதும் கெர்னல எடுத்து ஓட்டற புரோகிராம்) மெனுவ புதுசு பண்றது. இதுல எது ஒண்ணு மண்ண கவ்வினாலும் டிபிகேஜிக்கு தெரிஞ்சது "எக்ஸிட் ஸ்டேட்டஸ் 1" மட்டும்தான், ஏன்னு அதுக்கு தெரியாது, கேட்டா டபாய்க்கும். அதனால கடைசி வரிய விட்டுட்டு மேல ஸ்க்ரோல் பண்ணி, எரர்னோ ஃபெயில்டுன்னோ மொத மொத எங்க வருதுன்னு தேடணும். நீ அனுப்பின ஃபோட்டோவ பெருசு பண்ணி பாத்தேன், நடுவுல பொடி எழுத்துல "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்"னு உக்காந்துகினு இருக்கு. கேஸ் முடிஞ்சுது.

என்கிரிப்ஷன் டிக் பத்தி கேட்ட பாரு, அங்கதான் விஷயமே. டிஸ்க்க பூட்டி வெச்சா க்ரப் வந்து கெர்னல எடுக்கறதுக்கு பூட்டாத ஒரு எடம் வேணும், அதுக்காக ஸ்லாஷ் பூட்ட தனி பார்ட்டிஷனா சின்னதா வெட்டி வெச்சிடும். 500 ஜிபி டிஸ்க்ல 400 ஜிபி காலியா இருந்தாலும் இந்த சின்ன ரூம் ரொம்பிட்டா ஆட்டம் க்ளோஸ். "டிஎஃப் மைனஸ் எச் ஸ்லாஷ் பூட்" அடிச்சு பாரு, 100 பர்சன்ட், இல்லன்னா 98ன்னு காட்டும். நீ பேரு மாத்தி மாத்தி மூணு தடவ கட்டினல்ல, பேரு மாறினா அது தனி கெர்னல், பழச அழிக்காது, ஆக ஒரே ரூம்ல மூணு குடும்பத்த குடி வெச்சிருக்க.

இப்போ க்ளீன் பண்ற வேல. "யூநேம் மைனஸ் ஆர்" அடிச்சா இப்போ ஓடுற கெர்னல் பேரு வரும், அத ஒரு பேப்பர்ல பேனாவால எழுதிக்கோ, சிரிக்காத, நெஜமா எழுது. "டிபிகேஜி மைனஸ் எல்" போட்டு லினக்ஸ் இமேஜ்னு ஆரம்பிக்கற லிஸ்ட்ட பாரு. ஓடுறது ஒண்ணு, உபுண்டுவோட சொந்த கெர்னல் ஒண்ணு, இந்த ரெண்டையும் தொடாத. உனக்கு வேணும்ங்கற கடைசி கெர்னல் ஒண்ண மட்டும் விட்டுட்டு, மிச்ச உன் சொந்த சரக்க "சூடோ டிபிகேஜி மைனஸ் மைனஸ் பர்ஜ்"னு முழு பேர போட்டு தூக்கு. ஆப்ட் (டிபிகேஜிக்கு மேல உக்காந்து பேக்கேஜ மேய்க்கற கமாண்ட்) போட்டா பாதில நிக்கற பேக்கேஜ காரணம் காட்டி மொரண்டு பிடிக்கலாம், அதனாலதான் நேரா டிபிகேஜி. வேண்டாதத தானா தூக்கற ஆட்டோரிமூவ் போட்டா போயிடும்னு நம்பி உக்காராத, கையால டெப் ஃபைல் ஏத்தினது எல்லாம் ஆப்ட் கணக்குல நீ ஆசப்பட்டு வெச்சது, அது கைய வெக்காது. எடம் வந்ததும் "சூடோ டிபிகேஜி மைனஸ் மைனஸ் கான்ஃபிகர் மைனஸ் ஏ", நின்ன எடத்துல இருந்து தொடரும், மறுபடி கம்பைல் வேணாம்.

இன்னொண்ணு, ஸ்லாஷ் பூட்குள்ள போய் ஆர்எம் போட்டு கையால மட்டும் அழிக்காத. நான் அழிச்சிருக்கேன். ஒரு நாள் ராத்திரி 2 மணி, தூக்க கலக்கம், பழசுன்னு நெனச்சு ஓடிகிட்டு இருந்த கெர்னலையே அழிச்சேன், ஓடுறது மெமரில இருக்கறதால மெஷின் பாட்டுக்கு சோக்கா ஓடிச்சு, காலைல ஆன் பண்ணாதான் க்ரப் கைய விரிச்சுது. டிபிகேஜிகிட்ட கேட்டா "இருக்கே, இன்ஸ்டால் ஆகி இருக்கே"ங்குது, ஏன்னா அதோட நோட்டு புக்ல யாரும் அடிச்சு திருத்தல. பென்டிரைவ்ல லைவ் லினக்ஸ் போட்டு மீக்கறதுக்குள்ள மதியம் ஆயிடுச்சு.

எடம் நெஜமாவே கம்மின்னா இனிட்ராம்எஃப்எஸ் கான்ஃப் ஃபைல்ல மாட்யூல்ஸ் ஈக்வல் மோஸ்ட்னு இருக்கறத டெப்னு (டிபென்டென்சியோட சுருக்கம், பேக்கேஜ் டெப் இல்ல) மாத்து, உன் மெஷினுக்கு வேண்டிய டிரைவர் மட்டும் உள்ள போகும், சைஸ் நல்லா குறையும். ஆனா அந்த டிஸ்க்க கழட்டி வேற மெஷின்ல மாட்டினா பூட் ஆகாம போகலாம். அப்புறம், இனிட்ராம்எஃப்எஸ்ஸ புதுப்பிக்கும்போது புதுச பக்கத்துல எழுதி முடிச்சுட்டுதான் பழச தூக்கும், அதனால கொஞ்ச நேரத்துக்கு ரெண்டுக்கும் எடம் வேணும், கரெக்டா ரொம்பற அளவுக்கு வெச்சு கணக்கு போடாத.

கேள்வி (எண்ணூர் வாசகர்): சார், இன்ஸ்டால் கமாண்ட் அடிச்சா "லாக் ஃபிரன்ட்எண்ட்"னு எதையோ பூட்டி வெச்சிருக்கேன்னு சொல்லுது. லாக் ஃபைல அழிச்சுட சொல்லி ஃபிரெண்டு சொல்றான். அழிக்கட்டுமா?

பதில்: வேணாம். பின்னாடி ஆட்டோமேட்டிக் அப்டேட் ஓடிகிட்டு இருக்கும், ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. அதே நேரத்துல ரெண்டு பேரு பேக்கேஜ் டேட்டாபேஸ்ல எழுதினா அப்புறம் நீங்க எனக்கு எழுதப் போற லெட்டர் ரெண்டு பக்கம் இருக்கும்.

கேள்வி (வியாசர்பாடி, காலேஜ் மூணாவது வருஷம்): அண்ணா, என் லேப்டாப்ல வைஃபை செத்துப்போச்சு, யூஎஸ்பி டாங்கிள் வாங்கி அதுக்கு டிகேஎம்எஸ் டிரைவர் போட்டு ஓட்டறேன். புது கெர்னல் ஏத்தினா "பேட் ரிட்டர்ன் ஸ்டேட்டஸ் ஃபார் மாட்யூல் பில்ட்"னு வருது, மேல போய் பாத்தேன், அதுக்கு முன்னாடி வேற எரர் இல்ல. ப்ராஜெக்ட் வைவா வேற பக்கத்துல வந்துடுச்சு.

பதில்: மேல போய் பாத்தேன்னு எழுதினியே மா, அதுக்கே பாதி மார்க். மிச்ச பாதி, இந்த எரர்ல மட்டும் காரணம் ஸ்கிரீன்ல இருக்காது, வேற ஃபைல்ல இருக்கும். ஸ்லாஷ் வார் ஸ்லாஷ் லிப் ஸ்லாஷ் டிகேஎம்எஸ் உள்ள உன் டிரைவர் பேரு, அதுக்குள்ள வெர்ஷன், அதுக்குள்ள பில்ட் ஃபோல்டர், அதுல மேக் டாட் லாக். தொறந்து எரர்ங்கற வார்த்தைய தேடு.

ஹெடர்ஸே இல்லன்னு அழுதா, நீ இமேஜ் பேக்கேஜ (கெர்னல் இருக்கறது) மட்டும் ஏத்தி ஹெடர்ஸ் பேக்கேஜ (டிரைவர் கட்டறதுக்கு வேண்டியது) விட்டுட்டேன்னு அர்த்தம். கம்பைல் முடிஞ்சதும் லினக்ஸ் ஹெடர்ஸ்னு இன்னொரு டெப் வெளிய வந்து கெடக்கும், மொதல்ல அத ஏத்து, அப்புறம் இமேஜ். இமேஜ் ஏறும்போதே டிகேஎம்எஸ் எழுந்து வேலைய ஆரம்பிச்சுடும், அப்போ ஹெடர்ஸ் கையில இருக்கணும்.

ஆனா லாக்ல ஏதோ ஃபங்ஷனுக்கு ஆர்க்யூமென்ட் ஜாஸ்தி, கம்மி, இந்த ஸ்ட்ரக்சர்ல இந்த மெம்பரே இல்லன்னு வந்தா அது உன் தப்பு இல்ல. கெர்னல்காரங்க வெளி புரோகிராமுக்கு குடுத்த வாக்க காப்பாத்துவாங்க, ஆனா கெர்னலுக்கு உள்ள இருக்கற சமாச்சாரத்த எப்போ வேணா மாத்துவோம்னு ஓப்பனாவே எழுதி வெச்சிருக்காங்க. மெயின் கெர்னல்ல சேராத டிரைவர் ஒவ்வொரு வெர்ஷனுக்கும் பின்னாடியே ஓடி வரணும், ஓடி வர ஆள் இல்லன்னா அவ்ளோதான். புது சோர்ஸ் கெடைச்சா போடு, இல்லன்னா வைவா முடியற வரைக்கும் 6.6 மாதிரி பழைய எல்டிஎஸ் (ரொம்ப நாள் திருத்தம் வர்ற வெர்ஷன்) ஒண்ண கட்டிக்கோ. ரெண்டும் வேணாம், கெர்னல் மட்டும் ஏறினா போதும்னா "டிகேஎம்எஸ் ரிமூவ்"னு அடிச்சு டிரைவர் பேரு ஸ்லாஷ் வெர்ஷன், கடைசில மைனஸ் மைனஸ் ஆல், அப்புறம் மேல கொருக்குப்பேட்டை தம்பிக்கு சொன்ன கான்ஃபிகர் கமாண்ட். வைஃபை போயிடும்னு சொல்ல தேவையில்ல, ஃபோன யூஎஸ்பில சொருகி டெதரிங் போட்டு சமாளி.

கேள்வி (ராயபுரம் வாசகர்): என் மெஷின் ரொம்ப ஸ்லோ, அதனால மச்சான் வீட்ல உபுண்டு 22.04ல கம்பைல் பண்ணி பென்டிரைவ்ல எடுத்து வந்தேன். என்னோடது டெபியன் 11. "கன்ட்ரோல் டாட் டார் டாட் இசட்எஸ்டி, அன்னோன் கம்ப்ரஷன், கிவ்விங் அப்"னு வருது. பென்டிரைவ் அவுட்டா?

பதில்: பென்டிரைவ் பாவம், விட்டுடுங்க. உபுண்டு 21.10ல இருந்து டெப் ஃபைல இசட்ஸ்டாண்டர்டுங்கற (இசட்எஸ்டி) புது கம்ப்ரஷன்ல அமுக்குது, டெபியன் 11ல இருக்கற டிபிகேஜிக்கு அத தொறக்க தெரியாது, 12ல இருந்து தெரியும். மச்சான் வீட்டுக்கு இன்னொரு தடவ போங்க, கறிக்கொழம்பு வெக்கற நாளா பாத்து. மேக் கமாண்ட் வரில கேடெப் அண்டர்ஸ்கோர் கம்ப்ரஸ் ஈக்வல் எக்ஸ்இசட்னு சேத்து போடுங்க, கம்பைல் ஆனது ஆனதுதான், மறுபடி பேக்கேஜ் கட்டற வேல மட்டும்தான் நடக்கும்.

ஆனா இதோட முடியாது, இப்பவே சொல்லிடறேன். ஹெடர்ஸ் பேக்கேஜ்குள்ள சில குட்டி புரோகிராம் கம்பைல் ஆன நெலமைலயே இருக்கும், அதெல்லாம் மச்சான் மெஷினோட ஜிலிப்சிய (புரோகிராமுக்கெல்லாம் அடிப்படையான சி லைப்ரரி) நம்பி பொறந்தது. டெபியன் 11ல ஜிலிப்சி 2.31, அங்க 2.35. கெர்னல் ஜோரா பூட் ஆகும், டிகேஎம்எஸ் டிரைவர் ஏதாவது கட்ட போனா "ஜிலிப்சி 2.34 நாட் ஃபவுண்ட்"னு நிக்கும். அதனால மச்சான் மெஷின்லயே டெபியன் 11 வெர்ச்சுவல் மெஷின் ஒண்ணு போட்டு அதுக்குள்ள கட்டினா ரெண்டு பேஜாரும் ஒரே அடில போயிடும், நானா இருந்தா அதத்தான் பண்ணுவேன்.

ஒருவேள "அன்எக்ஸ்பெக்டட் எண்ட் ஆஃப் ஃபைல்"னு வந்திருந்தா அப்போதான் பென்டிரைவ சந்தேகப்படணும், அதுவும் முக்காவாசி எஜெக்ட் பண்ணாம புடுங்கினதா இருக்கும்.

கேள்வி (பெரம்பூர், ஐசிஎஃப் ரயில் பெட்டி ஃபேக்டரில வேல பாத்து ரிட்டயர் ஆனவர்): தம்பி, இன்ஸ்டால் ஒரு குறையும் இல்லாம முடிஞ்சுது. ரீஸ்டார்ட் பண்ணா "பேட் ஷிம் சிக்னேச்சர்"னு சொல்லி கெர்னலையே எடுக்க மாட்டேங்குது. பழைய கெர்னல் ஓடுது. பேரன் செக்யூர் பூட்ட ஆஃப் பண்ணுங்கறான், அதே மெஷின்ல விண்டோஸும் இருக்கு.

பதில்: ஐயா, கோச்ச சோக்கா கட்டி நிறுத்தினாலும் செக் பண்ணி கையெழுத்து போடாம லைன்ல விட மாட்டாங்கன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா. உபுண்டு, டெபியன் குடுக்கற கெர்னல்ல அவங்க கையெழுத்து இருக்கு, நாம வீட்ல கட்டினதுல இல்ல, செக்யூர் பூட் கேட்லயே நிறுத்துது. "மோக்யூட்டில் மைனஸ் மைனஸ் எஸ்பி மைனஸ் ஸ்டேட்" அடிச்சா எனேபிள்டுன்னு வரும்.

பேரன் சொல்றது நடக்கும். ஆனா விண்டோஸ்ல பிட்லாக்கர் (அதோட டிஸ்க் பூட்டு) ஓடுதுன்னா செக்யூர் பூட்ட தொட்டதும் அடுத்த தடவ விண்டோஸ் 48 நம்பர் ரெக்கவரி கீ கேக்கலாம், அந்த கீ எங்க இருக்குன்னு தெரியாம கைய வெக்காதீங்க.

இன்னொரு வழி, சொந்தமா ஒரு சாவி செஞ்சு எஸ்பிசைன் வெச்சு கெர்னல்ல கையெழுத்து போட்டு, அந்த சாவிய மோக்யூட்டில் மைனஸ் மைனஸ் இம்போர்ட்னு போட்டு மெஷினுக்கு அறிமுகப்படுத்தறது. ரீஸ்டார்ட்ல நீல ஸ்கிரீன் வரும், 10 செகண்டுக்குள்ள ஏதாவது ஒரு பட்டன அமுக்கணும், காபி எடுக்க போனீங்கன்னா போச்சு, மறுபடி மொதல்ல இருந்து. இங்க ஒரு குழி இருக்கு, நெறைய பேர் விழுந்த குழி. உபுண்டு ஏற்கனவே டிகேஎம்எஸ்க்காக ஒரு சாவி செஞ்சு வெச்சிருக்கும், இருக்கறதயே யூஸ் பண்ணுவோம்னு தோணும். அந்த சாவில "மாட்யூலுக்கு மட்டும்"னு முத்திரை குத்தி இருக்கு, அத வெச்சு கெர்னல்ல கையெழுத்து போட்டா ஷிம் (பூட் ஆகும்போது கையெழுத்த சரிபாக்கற குட்டி புரோகிராம்) ஒத்துக்காது. புது சாவிதான் செய்யணும். ஒவ்வொரு தடவ கெர்னல் கட்டும்போதும் கையெழுத்தும் புதுசா போடணும், உங்களுக்கு பொறுமை இருக்கு, பேரனுக்குதான் இருக்காது.

கேள்வி (புளியந்தோப்பு வாசகர்): "டிபிகேஜி மைனஸ் ஐ ஸ்டார் டாட் டெப்"னு போட்டதுல இருந்து ஆப்ட் எத கேட்டாலும் லினக்ஸ் லிப்சி டெவ் தகராறுன்னு சொல்லுது.

பதில்: ஸ்டார் போட்டா அந்த ஃபோல்டர்ல இருக்கற எல்லாம் ஏறும். நாம கட்டும்போது லிப்சி டெவ்னு ஒண்ணும் கூடவே பொறக்கும், அது சி புரோகிராம் கம்பைல் பண்றதுக்கு, கெர்னல் ஓடறதுக்கு அது தேவையே இல்ல. உங்க மெஷின்ல 32 பிட் லிப்சி டெவ்வும் இருக்கும்னு நெனைக்கறேன், ரெண்டும் ஒரே வெர்ஷன்ல இருக்கணும்னு சட்டம், நீங்க ஒண்ண மட்டும் மாத்திட்டீங்க. டிஸ்ட்ரோவோட பழைய வெர்ஷன் நம்பர் போட்டு ஆப்ட்ல டவுன்கிரேட் பண்ணுங்க. இனிமே இமேஜ், ஹெடர்ஸ் ரெண்டையும் பேரு சொல்லி ஏத்துங்க, டிபிஜின்னு முடியற டீபக் பேக்கேஜும் வேணாம், அது குண்டு.

கேள்வி (திருவொற்றியூர், மளிகைக்கடை வெச்சிருக்கவர்): அண்ணே, சின்ன கெர்னலா கட்டலாம்னு நீங்க சொன்ன லோக்கல்மாட்கான்ஃபிக் போட்டு கட்டினேன். மொத மெஷின்ல "கெர்னல் பேனிக், அனேபிள் டு மவுன்ட் ரூட் எஃப்எஸ், அன்னோன் பிளாக் 0,0". ரெண்டாவது மெஷின்ல பூட் ஆச்சு, ஆனா பில் பிரிண்டர் வேல செய்யல. ஒரே கெர்னல்தான், ஏன் ரெண்டு விதமா மொரண்டு பிடிக்குது?

பதில்: லோக்கல்மாட்கான்ஃபிக் என்ன பண்ணும்னா, அந்த நிமிஷத்துல எந்தெந்த மாட்யூல் லோடு ஆகி இருக்கோ அத மட்டும் வெச்சுகிட்டு மிச்சத்த எல்லாம் வெட்டிடும். கட்டினது ரெண்டாவது மெஷின்லதான்னு நெனைக்கறேன், அதனாலதான் அதுல பூட் ஆச்சு. மொத மெஷினோட டிஸ்க் கன்ட்ரோலர் வேற மாடலா இருந்தா அதோட டிரைவர் வெட்டுப்பட்டு போயிருக்கும். ஆனா 0,0ன்னு பாத்ததும் எனக்கு மொதல்ல வர சந்தேகம் வேற, ஏத்தும்போது இனிட்ராம்எஃப்எஸ் உருவாச்சான்னு பாருங்க. பழைய கெர்னல்ல பூட் பண்ணி ஸ்லாஷ் பூட்ல அந்த வெர்ஷன் பேர்ல இனிட்ஆர்டி டாட் ஐஎம்ஜி (அதுதான் இனிட்ராம்எஃப்எஸ் ஃபைல்) இருக்கா? கெர்னல் மட்டும் இருந்து அது இல்லன்னா நீங்களும் கொருக்குப்பேட்டை தம்பியும் ஒரே கட்சி, டிஎஃப் போட்டு பாருங்க. எடம் இருந்தா "அப்டேட் மைனஸ் இனிட்ராம்எஃப்எஸ் மைனஸ் சி மைனஸ் கே", பின்னாடி வெர்ஷன் பேரு.

பிரிண்டர் கதை எனக்கு நல்லாவே தெரியும், நானே ஒரு கடைக்கு இத பண்ணி குடுத்து அசிங்கப்பட்டேன். ஞாயித்துக்கெழம மத்தியானம், கடை சாத்தி இருக்கற நேரம், கல்லா மேல சாமான் அடுக்கணும்னு பிரிண்டர கழட்டி அரிசி மூட்டை மேல வெச்சிருந்தாங்க, நான் கவனிக்கவே இல்ல. கட்டினேன், ஏத்தினேன், பூட் ஆச்சு, பர்மா பஜார் பக்கம் போய் ஒரு பிளேட் அத்தோ சாப்ட்டுட்டு வீட்டுக்கு போய் படுத்துட்டேன். திங்கக்கெழம காலைல 7 மணிக்கு போன், பில்லு வரல, பால் பாக்கெட்டுக்கு கூட்டம் நிக்குது. பிரிண்டர் சொருகாததால யூஎஸ்பி பிரிண்டர் மாட்யூல் லோடு ஆகல, லோடு ஆகாததால லோக்கல்மாட்கான்ஃபிக் வெட்டிடுச்சு, இன்ஸ்டால்ல ஒரு எரர் வரல, எப்படி வரும், அது கேட்டத செஞ்சுது. ஓனர் அக்கா துண்டு பேப்பர்ல பென்சிலால பில்லு போட்டுகிட்டே என்ன ஒரு பார்வ பாத்தாங்க.

அதனால கட்டறதுக்கு முன்னாடி பிரிண்டர், பார்கோடு ஸ்கேனர், வெப்கேம், பென்டிரைவ் எல்லாத்தையும் சொருகுங்க, பென்டிரைவ்ல ஒரு ஃபைல தொறந்தும் பாருங்க, அப்போதான் அந்த ஃபைல் சிஸ்டம் மாட்யூலும் லோடு ஆகும். ரெண்டு மெஷினுக்கும் ஒரே கெர்னல் வேணும்னா ரெண்டுலயும் எல்எஸ்மாட் (லோடு ஆன மாட்யூல் லிஸ்ட்ட காட்டற கமாண்ட்) அவுட்புட்ட எடுத்து ஒரே ஃபைல்ல சேத்து, எல்எஸ்மாட் ஈக்வல்னு அந்த ஃபைல் பாத்த குடுத்து லோக்கல்மாட்கான்ஃபிக் போடுங்க. கட்டி ஏத்தினதுக்கு அப்புறம் கடைய தொறக்கறதுக்கு முன்னாடி டெஸ்ட் பில்லு ஒண்ணு அடிச்சு பாருங்க, ஒரு கிலோ துவரம்பருப்புன்னு போட்டாலும் சரி.